ஒன்றரை வயதுக்குத் தௌஹூ (டோஃபு): எதை வாங்குவது, எப்படிச் சமைப்பது, எவ்வளவு கொடுப்பது?

#1 | புதுத்தொட்டில் | சிங்கப்பூர்

குழந்தைக்கு 16 மாதம். பால், முட்டை, வேர்க்கடலை மூன்றும் கொடுத்தாயிற்று, தொல்லை இல்லை. சோயா மட்டும் இதுவரை தொடவில்லை, சோயாப்பாலை உறையவைத்துச் செய்யும் தௌஹூவில் தொடங்க நினைக்கிறேன். கடையில் குளிர்பெட்டி முன்னால் நின்றால் ஒரே குழப்பம். டப்பாவில் வழுவழுப்பான சில்கன், நெகிழிக் குழாயில் முட்டைத் தௌஹூ, தண்ணீரில் மிதக்கும் வெள்ளைக் கட்டி, கெட்டியான தௌக்குவா, பொரித்த தௌபோக். எதில் தொடங்கலாம்? அழுத்தித் தண்ணீர் எடுக்க வேண்டுமா? ஏற்கெனவே வெந்ததுதானே, அப்படியே வெட்டிக் கொடுத்தால் என்ன?

#2 | கிள்ளான்வாசி | மலேசியா

முதலில் அந்தக் குழாயைக் கீழே வையுங்கள் அக்கா. முட்டைத் தௌஹூ வேறு சாமான். சோயாப்பாலோடு முட்டையும் உப்பும் கலந்து குழாயிலேயே உறைய வைப்பது. உங்கள் பிள்ளைக்கு முட்டை ஒத்துக்கொள்வதால் ஆபத்தில்லை, ஆனால் உப்பு முன்கூட்டியே உள்ளே ஏறியிருக்கும், அதை நாம் எடுக்க முடியாது. முட்டை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிற வீடுகளில் இதை "வெறும் தௌஹூ" என்று நினைத்து வாங்கிவிடுவதும் நடக்கிறது. உறையில் பொருள் பட்டியலைப் படிக்காமல் கூடையில் போடாதீர்கள்.

தௌபோக் இப்போது வேண்டாம். எண்ணெயில் உப்பிய தோல், ரப்பர் மாதிரி இழுபடும். கடைவாய்ப்பல் வராத பிள்ளையால் அதை அரைக்க முடியாது. இன்னொன்றும் உண்டு: உள்ளே பஞ்சு. சூடான கறியில் கிடந்த தௌபோக்கைக் கடித்தால் கொதிக்கும் சாறு வாய்க்குள் பீச்சும். பெரியவர்களுக்கே நாக்கு பொத்துப்போகும்.

மிச்சம் மூன்று. சில்கன் கரண்டியில் ஊட்டுவதற்கும் பிசைவதற்கும். தண்ணீரில் கிடக்கும் சாதா தௌஹூ வேகவைத்துக் கையில் கொடுப்பதற்கு. தௌக்குவா உதிர்ப்பதற்கும், மெல்லிய வில்லையாகத் தோசைக்கல்லில் போடுவதற்கும். 16 மாதத்துக்கு நான் நடுவில் உள்ளதைச் சொல்வேன்.

#3 | அளவுக்கரண்டி | சென்னை

வகையைப் பேசுவதற்கு முன்னால், முதல் முறை கொடுக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சோயா முக்கியமான ஒவ்வாமை உணவுகளில் ஒன்று. பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை, ஒழுங்காகத் தொடங்கினால் போதும்.

காலை நேரம், குழந்தை சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கும் நாள். அன்று வேறு புதுப் பொருள் எதுவும் கூடாது. வெந்த தௌஹூவில் கால் தேக்கரண்டி. பத்துப் பதினைந்து நிமிடம் பாருங்கள், பிறகு இன்னும் ஒரு தேக்கரண்டி. அன்றைக்கு அவ்வளவுதான். உடனடி ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்: தடிப்பு, உதடு அல்லது கண் இமை வீக்கம், வாந்தி. மூச்சுத் திணறல், குரல் மாறுவது, துவண்டு விழுவது என்றால் யோசிக்கவே வேண்டாம், அங்கே 995, இங்கே 108.

பலர் அறியாத இன்னொரு வகை இருக்கிறது. தோலில் ஒன்றும் தெரியாது. சாப்பிட்டு ஒன்று முதல் நான்கு மணி நேரம் கழித்து அடுக்கடுக்காக வாந்தி, முகம் வெளிறி, குழந்தை சோர்ந்துவிடும். பசும்பாலும் சோயாவும் இதற்குப் பேர்போன காரணங்கள். அதனால்தான் காலையில் கொடுக்கச் சொன்னேன். இரவு உணவில் கொடுத்துவிட்டுப் படுத்தால் நடுராத்திரியில் எது காரணம் என்று தெரியாது.

பசும்பால் ஒவ்வாத குழந்தைகளில் சிலருக்குச் சோயாவும் ஒவ்வாது. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அப்படி இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள். புதுத்தொட்டில் குழந்தைக்கு அந்தக் கவலை இல்லை.

மூன்று நான்கு முறை கொடுத்து ஒத்துக்கொண்டால் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது தொடருங்கள். ஒருமுறை கொடுத்துவிட்டு மாதக் கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

#4 | சட்டிமுட்டி | கோவை

"ஏற்கெனவே வெந்ததுதானே" என்பதற்குப் பதில். சோயாப்பால் காய்ச்சப்பட்டதுதான், உண்மை. அதன் பிறகு அது உறைந்து, வெட்டுப்பட்டு, தண்ணீரில் ஊறி, கை மாறி வந்திருக்கிறது. ஈரம் அதிகம், புளிப்பு கிடையாது. கிருமி வளர இதைவிட வசதி என்ன வேண்டும்? மூடி ஒட்டிய டப்பாவில் வருவதைப் பெரியவர்கள் பச்சையாகச் சாப்பிடலாம். திறந்த தொட்டியில் அள்ளிக் கொடுப்பதைக் குழந்தைக்கு ஒருபோதும் அப்படியே கொடுக்கக் கூடாது.

2 செ.மீ. கட்டிகளாக வெட்டிக் கொள்ளுங்கள். தண்ணீர் கொதித்ததும் அடுப்பைக் குறைத்து, மேற்பரப்பு மெல்ல அசையும் நிலையில் கட்டிகளைப் போட்டு 4 அல்லது 5 நிமிடம். துளையுள்ள கரண்டியால் எடுத்து வடிதட்டில் வையுங்கள். பச்சை வாடை போகும், உள்ளே வரை சூடேறும், கட்டியும் கொஞ்சம் இறுகும்.

தளதளவென்று கொதிக்கவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகிக் கட்டி முழுக்க சிறு துளை விழும். வெளியே விறைத்து, கடித்தால் அழிப்பான் ரப்பர் போல் இருக்கும். "என் குழந்தைக்கு டோஃபு பிடிக்கவில்லை" என்பவர்களில் பாதிப் பேர் செய்வது இதுதான் என்பது என் கணிப்பு.

அப்புறம் அழுத்துவது. துணியில் சுற்றி, மேலே ஒரு கிலோ பருப்பு டப்பாவை 20 நிமிடம் வையுங்கள். தண்ணீர் போனால்தான் மசாலா பிடிக்கும்.

#5 | கிள்ளான்வாசி | மலேசியா

கடைசிப் பத்தியை ஒத்துக்கொள்ள மாட்டேன். அழுத்துவதெல்லாம் பெரியவர்கள் வறுவலுக்கு. ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு ஈரம்தான் வேண்டும், வாயில் போட்டதும் உடையணும். ஒரு கிலோ டப்பா வைத்தால் சாதா தௌஹூ தௌக்குவா ஆகிவிடும், தௌக்குவா செருப்பாகிவிடும். மசாலா பிடிக்க என்ன மசாலா போடப் போகிறோம் இந்த வயசில்?

சில்கனை அழுத்தினால் சொல்லவே வேண்டாம், கூழாகி வடியும்.

#6 | சட்டிமுட்டி | கோவை

சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன். வேகவைத்துக் கையில் கொடுப்பதற்கு அழுத்தத் தேவையில்லை, துணியில் ஒற்றினால் போதும். ஆனால் கட்லெட்டுக்கும் பொடிமாஸுக்கும் அழுத்தாமல் செய்தால் சட்டியில் குளம் கட்டும். அந்த இரண்டுக்கு மட்டும் என்று திருத்திக் கொள்கிறேன். ஒரு கிலோவும் வேண்டாம், தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்து 10 நிமிடம்.

எதுவானாலும் கடைசிச் சோதனை ஒன்றே. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்துங்கள். நசுங்கினால் கொடுக்கலாம். திமிறினால் உதிர்த்துக் கொடுங்கள்.

#7 | புதுத்தொட்டில் | சிங்கப்பூர்

வெட்டும் அளவு? சிலர் விரல் நீளம் என்கிறார்கள், சிலர் பட்டாணி அளவு என்கிறார்கள்.

#8 | அளவுக்கரண்டி | சென்னை

இரண்டும் சரி, வயதுதான் வேறு. ஆறேழு மாதக் குழந்தை உள்ளங்கையால் முழுசாகப் பிடிக்கும், அதற்குப் பெரியவர் இரண்டு விரல் அகலத்தில் நீளத் துண்டு. கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் கடிக்கும். ஒன்பது, பத்து மாதத்துக்கு மேல் கிள்ளி எடுக்கத் தெரிந்துவிடும், அப்போது 1 செ.மீ. கட்டிகள். உங்கள் குழந்தைக்கு இதுவே. தட்டில் ஐந்தாறு துண்டுக்கு மேல் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். மெத்தென்று இருப்பதால் மென்று விழுங்காமல் வாயில் அடைத்துக்கொண்டே போவார்கள்.

தௌக்குவாவை மட்டும் கட்டியாக வெட்டாமல் அரை செ.மீ. கனத்தில் வில்லையாக வெட்டுங்கள்.

வெட்டியதும் கொடுத்துவிடாதீர்கள். தௌஹூ வெளியே ஆறிய பிறகும் நடுவில் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு கட்டியைப் பிளந்து உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள்.

#9 | வடலி | யாழ்ப்பாணம்

இங்கே கடையளில் சோயா மீற் எண்டு உலர்ந்த பைக்கற்றில விக்கிறதும் இதுவும் ஒண்டோ எண்டு கனபேர் கேக்கிறவை. இல்லை. சோயா மீற் எண்டது எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டிலயும் அழுத்தத்திலயும் தள்ளி எடுக்கிறது. ஊறினாலும் நார் மாதிரி இழுபடும், சப்பக் கஷ்டம். சுவையூட்டின பைக்கற்றுகளில உப்பும் கூட. சின்னப் பிள்ளைக்குக் குடுக்கிறதெண்டால் சுவையூட்டாததை வாங்கி, ஊறவைச்சு, இரண்டு தரம் பிழிஞ்சு, நல்லா அரைச்சுப்போட்டுக் குடுக்கவேணும். தௌஹூவுக்கு அந்தத் தொல்லை ஒண்டும் இல்லை.

எங்கட முறையில இதுக்குப் பொருத்தமானது சொதி. தேங்காயின்ர இரண்டாம் பால் ஒண்டரைக் கப், சின்ன வெங்காயம் நாலு மெல்லிசா வெட்டினது, உள்ளி ஒரு பல்லு, நற்சீரகத்தூள் கால் தேக்கரண்டி, மஞ்சள் ஒரு சிட்டிகை. வெந்தயம் போடுறதெண்டால் நாலே நாலு, கூடினால் கைக்கும். பச்சை மிளகாய் பிள்ளையின்ர பங்கை எடுத்த பிறகு. வெங்காயம் அவிஞ்ச பிறகு தௌஹூத் துண்டுகளைப் போட்டு மெல்லிய நெருப்பில 5 நிமிசம். கடைசியில முதல் பால் கால் கப் விட்டு, விளிம்பில நுரை கட்டத் தொடங்க இறக்கிப்போடவேணும். இறக்கின பிறகுதான் தேசிக்காய்ப் புளி. அடுப்பில இருக்கேக்க விட்டால் பால் திரைஞ்சுபோம்.

சோத்தைக் குழையப் பிசைஞ்சு இந்தச் சொதியை விட்டு, தௌஹூவை மேல நசிச்சு விட்டால் காணும். இடியப்பத்துக்கும் நல்லம், இடியப்பத்தைத் துண்டு துண்டாய்ப் பிச்சுப்போட வேணும்.

#10 | அளவுக்கரண்டி | சென்னை

வடலி, அந்தத் தேசிக்காய் சுவைக்கு மட்டுமல்ல. தௌஹூவில் இருப்பது தாவர இரும்பு, உடம்பு அதை எளிதில் உறிஞ்சாது. வைட்டமின் சி கூட இருந்தால் நன்றாகச் சேரும். எலுமிச்சை, தக்காளி, சாப்பிட்டு முடித்ததும் கொய்யாவோ பப்பாளியோ நாலு துண்டு. சாப்பாட்டோடு தேநீர் கொடுக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், அது நேர் எதிர் வேலை செய்யும்.

கால்சியம் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். "தௌஹூவில் கால்சியம் ஏராளம்" என்பது எல்லாத் தௌஹூவுக்கும் பொருந்தாது. பாலை உறையவைக்க எதைப் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது அது. கால்சியம் சல்பேட் போட்ட சாதாத் தௌஹூவில் 100 கிராமுக்கு 350 மி.கி. அளவுக்கு இருக்கும், கெட்டியானதில் அதற்கு மேலும் போகும். நிகாரி என்கிற மக்னீசியம் குளோரைடில் உறைந்ததில் அதைவிடக் குறைவு. குளுக்கோனோ டெல்டா லாக்டோன் போட்ட வழுவழு சில்கனில் 30 மி.கி. சுற்றித்தான். அதனால் பொருள் பட்டியலில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒரே விலை, ஒரே நிறம், ஆனால் பத்து மடங்கு வித்தியாசம்.

அளவு: ஒரு வேளைக்கு 30 முதல் 45 கிராம், அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி. கெட்டித் தௌஹூவில் 30 கிராம் சுமார் 3 முதல் 4 கிராம் புரதம் தரும். இந்த வயதுக்கு நாள் முழுக்கத் தேவை 13 கிராம்தான். புரதம் புரதம் என்று கட்டி கட்டியாகத் திணிக்க ஒரு காரணமும் இல்லை. இரும்பைப் பொறுத்தவரை அதே 30 கிராமில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது, தேவையோ 7, 8 மி.கி. ஆகவே கீரை, பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாம் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

#11 | மாம்பலம்மெஸ் | சென்னை

இங்கே பல கடைகளில் இதே பொருள் "சோயா பனீர்" என்ற பெயரில் 200 கிராம் காற்றில்லாப் பொட்டலமாக வருகிறது. பெயரைப் பார்த்துப் பனீர் மாதிரி நெய்யில் வதக்கி, வேகவைத்து, ஏமாறுகிறார்கள். 100 கிராம் பனீரில் கொழுப்பு 20 கிராமுக்கு மேல், இதில் 5 முதல் 8. அதனால் சட்டியில் பனீர் தானாக நெய் விட்டு மெத்தென்று ஆகும், இது காய்ந்துபோகும். குழந்தைக்குக் கொழுப்பும் தேவை. 100 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ தாராளமாக விடலாம். எள்ளும் ஒவ்வாமைப் பட்டியலில் இருப்பதால் நல்லெண்ணெய் முன்பே பழக்கமாகியிருக்க வேண்டும்.

பொடிமாஸ் அளவு: கெட்டித் தௌஹூ 100 கிராம், கையால் உதிர்த்தது. நெய் ஒரு தேக்கரண்டி, சீரகம் கால் தேக்கரண்டி, சின்ன வெங்காயம் மூன்று பொடியாக அரிந்தது, தக்காளி பாதி, மஞ்சள் தூள் சிட்டிகை. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் தக்காளி, அது கரைந்ததும் தௌஹூ. மிதமான தீயில் 4 நிமிடம், இறக்கும் முன் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரோ தேங்காய்ப்பாலோ தெளித்து மூடி ஒரு நிமிடம். தெளிக்காமல் விட்டால் துகள் துகளாகக் காய்ந்து தொண்டையில் ஒட்டும், குழந்தை குமட்டும்.

தாளிப்பில் கைப்பழக்கத்துக்கு உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு போட்டுவிடாதீர்கள். மெத்தென்ற தௌஹூவுக்குள் ஒளிந்திருக்கும் கடினமான பருப்பு, மெல்லத் தெரியாத குழந்தைக்குப் புரையேறும். கறிவேப்பிலை முழுசாகப் போட்டு எடுத்துவிடலாம்.

#12 | பனிக்காலம் | டொராண்டோ

சில்கனைக் கையில் கொடுத்தால் மீன் மாதிரி நழுவுகிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பொட்டுக்கடலைப் பொடியிலோ, வறுத்துப் பொடித்த ஓட்ஸிலோ துண்டைப் புரட்டிக் கொடுத்தால் பிடி கிடைக்கும். தேங்காய்த் துருவல் நீளமாக இல்லாமல் மாவாக இருந்தால் அதுவும் சரி.

டப்பாவிலிருந்து உடையாமல் எடுக்க: அட்டைப் பெட்டியில் வரும் சில்கன் என்றால் அடிப்பக்க மூலையைக் கத்தரிக்கோலால் கொஞ்சம் வெட்டிவிட்டு, மேல்பக்கத்தைத் திறந்து கவிழ்த்தால் காற்று புகுந்து முழுசாக வழுக்கி இறங்கும். இந்த அட்டைப்பெட்டி வகை திறக்கும் வரை குளிர்பெட்டி இல்லாமலே இருக்கும். நெகிழி டப்பாவில் தண்ணீரோடு வருவதை அப்படி வெளியே வைக்கக் கூடாது. இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருப்பதால் குழம்பிவிடுகிறார்கள்.

ஃப்ரீசரில் உறையவைத்த தௌஹூ பற்றியும் ஒரு வார்த்தை. உறைந்தால் மஞ்சளாகும், பயப்பட வேண்டாம், உருகியதும் வெளுக்கும். ஆனால் பனிப்படிகங்கள் உள்ளே ஓட்டை போட்டுப் பஞ்சாக்கிவிடும். துண்டாகக் கொடுக்க லாயக்கில்லை. நன்றாகப் பிழிந்து உதிர்த்தால் கொத்துக்கறி மாதிரி வரும், மசித்த உருளைக்கிழங்கோடும் பருப்போடும் கலக்கலாம்.

#13 | கிள்ளான்வாசி | மலேசியா

உதிர்த்த தௌஹூ என்றதும் ஞாபகம் வருகிறது. மாமாக் கடை (இங்குள்ள இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) மீ கோரேங்கில், அதாவது வறுத்த மஞ்சள் நூடுல்ஸில், வரும் தௌஹூத் துண்டைப் பொறுக்கி எடுத்துப் பிள்ளைக்குக் கொடுப்பவர்கள் உண்டு. அந்தத் துண்டு காரத்தையும் உப்பையும் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது, மேலே கழுவினால் போகாது. பாசெம்பூரிலும் (காய்கறி, பொரித்த துண்டுகள் மேல் குழம்பு ஊற்றித் தருவது) அதே கதைதான், அதோடு வேர்க்கடலைக் குழம்பு வேறு. வெளியே சாப்பிடப் போகிறீர்கள் என்றால் வேகவைத்ததை டப்பாவில் எடுத்துப் போங்கள் லா.

சோயா சாஸும் அப்படித்தான். ஒரு தேக்கரண்டியில் ஒரு கிராம் உப்புக்குப் பக்கமாக இருக்கிறது. ஒன்று முதல் மூன்று வயதுக்கு ஒரு நாளைக்கு 2 கிராம் உப்புதான் உச்சம் என்று பிரிட்டனில் சொல்கிறார்கள். ஒரு தேக்கரண்டியில் பாதி நாள் முடிந்தது. தௌஹூவில் தானாக உப்பு கிட்டத்தட்ட இல்லை, அந்த நல்லதை நாமே கெடுக்க வேண்டாம். வாசனை வேண்டுமா? இஞ்சிச் சாறு நாலு சொட்டு, வெங்காயத்தாள், காளான் வேகவைத்த தண்ணீர்.

#14 | இரண்டாம்பேறு | திருச்சி

ஆண் குழந்தைக்குச் சோயா கொடுத்தால் பெண்மை வந்துவிடும் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அதற்கு என்ன பதில்?

#15 | அளவுக்கரண்டி | சென்னை

சோயாவில் ஐசோஃபிளேவோன் என்ற தாவரப் பொருள் உண்டு. வேதி அமைப்பில் ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்சம் ஒத்தது, வேலையில் மிக பலவீனமானது. 100 கிராம் தௌஹூவில் சுமார் 20 முதல் 30 மி.கி. நம் அளவோ 30 கிராம். சீனா, ஜப்பான் போன்ற நாடுகளில் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடும் சாதாரண உணவு இது. ஆணோ பெண்ணோ, இந்த அளவுக்குப் பயம் வேண்டாம்.

கவனம் தேவைப்படும் இடம் வேறு. பிறவித் தைராய்டு குறைபாட்டுக்கு லெவோதைராக்சின் எடுக்கும் குழந்தைக்குச் சோயா அந்த மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். மருந்துக்கும் தௌஹூவுக்கும் எத்தனை மணி நேர இடைவெளி என்பதை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

#16 | மாம்பலம்மெஸ் | சென்னை

வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு. சோயா 250 கிராம், 8 மணி நேரம் ஊறல் (கோடையில் 6 போதும், அதற்கு மேல் புளித்த வாடை). மொத்தம் 2 லிட்டர் தண்ணீர் சேர்த்து அரைத்து, அடி கனத்த பெரிய பாத்திரத்தில் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். கொதிநிலைக்கு வெகு முன்பே நுரை பொங்கி எழும். "பொங்கிவிட்டது, வெந்துவிட்டது" என்று இறக்குவதுதான் பெரிய தப்பு. அது பொய்க் கொதிப்பு. நுரையை அடக்கி, உண்மையாகக் கொதித்த பிறகு 10 நிமிடம் காய்ச்ச வேண்டும். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, சரியாகக் காயாவிட்டால் குழந்தைக்கு வயிறு கெடும்.

வடிகட்டிய பால் 80 பாகைக்கு (டிகிரி செல்சியஸ்) ஆறியதும், மூன்று நான்கு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றை அரை டம்ளர் வெந்நீரில் கலந்து இரண்டு தவணையாக ஊற்றி, ஒரே ஒரு சுற்று கிளறி மூடி 15 நிமிடம் விடுங்கள். மேலே நிற்கும் தண்ணீர் வெளிர் மஞ்சளாகத் தெளிய வேண்டும். இன்னும் பால் நிறமாக இருந்தால் இன்னொரு கரண்டி. துணி விரித்த வடிதட்டில் அள்ளிப் போட்டுச் சின்ன எடை வையுங்கள். 350 முதல் 400 கிராம் கிடைக்கும். அளவுக்கரண்டி சொன்னபடி, எலுமிச்சையில் உறைந்ததில் கூடுதல் கால்சியம் கிடையாது.

கால்சியம் சல்பேட் போட ஆசைப்பட்டு, கட்டட வேலைக்கான ஜிப்சமோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸோ தயவுசெய்து வாங்காதீர்கள். உணவுத் தரம் என்று அச்சடித்தது மட்டுமே. 250 கிராம் சோயாவுக்கு 6 கிராம் போதும்.

#17 | புதுத்தொட்டில் | சிங்கப்பூர்

மூன்று முறை கொடுத்தாகிவிட்டது, ஒத்துக்கொண்டது. எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்வி. மிச்சத்தை எத்தனை நாள் வைக்கலாம்? கட்லெட் தோசைக்கல்லில் உடைந்து உடைந்து போகிறது. தௌஹூ 150 கிராம், வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்று, துருவிய கேரட். வேறொன்றும் சேர்க்கவில்லை.

#18 | சட்டிமுட்டி | கோவை

உடைவதற்குக் காரணம் உங்கள் பட்டியலிலேயே தெரிகிறது, தண்ணீரைக் குடிக்கிற பொருள் ஒன்றுமில்லை. தௌஹூவும் கேரட்டும் சூட்டில் நீர் விடும். கேரட் துருவலைப் பிழியுங்கள், தௌஹூவைத் துணியில் முறுக்கிப் பிழியுங்கள் (இங்கேதான் அழுத்த வேண்டும் என்றேன்!). உருளைக்கிழங்கை முந்தைய நாளே வேகவைத்துக் குளிரவைத்தால் பசை குறையும். பொட்டுக்கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி சேர்த்துப் பிசைந்து, ஒரு செ.மீ. கனத்துக்கு மேல் போகாமல் எட்டு வடையாகத் தட்டி 20 நிமிடம் குளிர்பெட்டியில். கல் காய்ந்து எண்ணெய் பரவிய பிறகு போட்டு, 4 நிமிடம் கை வைக்காதீர்கள். அடி சிவந்ததும் தானாகக் கல்லை விடும். விடாததைக் கரண்டியால் சுரண்டினால் உடையத்தான் செய்யும்.

#19 | பனிக்காலம் | டொராண்டோ

திறந்த பிறகு மூடியுள்ள பாத்திரத்தில், கொதித்து ஆறிய தண்ணீரில் முழுக வைத்து, தினமும் தண்ணீர் மாற்றினால் குழந்தைக்கு 3 நாள். பெரியவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் கூட. 4 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும், அதனால் கதவு அடுக்கில் வைக்காதீர்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. 32 பாகைக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். விரலில் பிசுபிசுப்பு, புளித்த வாடை, தண்ணீர் கலங்கல், திறக்காத உறை உப்பியிருப்பது, இதில் ஒன்று இருந்தாலும் குப்பைத்தொட்டி. கழுவிப் பொரித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பொடிமாஸை ஐஸ் தட்டில் அழுத்தி உறையவைக்கலாம், ஒரு குழி ஏறக்குறைய ஒரு வேளைக்கான அளவு.

#20 | மாம்பலம்மெஸ் | சென்னை

தோசை மாவில் கலக்கிறவர்கள் அளவைக் கவனியுங்கள். ஒரு கப் மாவுக்கு மசித்த சில்கன் மூன்று மேசைக்கரண்டி. அதற்கு மேல் போனால் நடு வேகாமல் களியாக நிற்கும், கல்லிலும் ஒட்டும். வார்க்கும் நேரத்தில் மட்டும் கலக்க வேண்டும், முந்தின இரவே கலந்து புளிக்க விடக் கூடாது.

#21 | புதுத்தொட்டில் | சிங்கப்பூர்

பொட்டுக்கடலை மாவு போட்டதும் வடை நின்றது. கடைசியாக ஒன்று: உணவங்காடியில் தௌஹுவே (பாகு ஊற்றித் தரும் மெத்தென்ற சோயா இனிப்பு) கொடுக்கலாமா? அதுவும் தௌஹூதானே?

#22 | கிள்ளான்வாசி | மலேசியா

பாகு ஊற்றுவதற்கு முன்னால் "சீனி வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். ஊற்றிய பிறகு வடித்தால் பாதி உள்ளே போயிருக்கும். பழைய முறையில் சூடாக, கரண்டியால் சீவிச் சீவிப் போடுவது என்றால் சரி, கிண்ணத்தை நன்றாக ஆறவிட்டு ஓரத்திலிருந்து ஊட்டுங்கள். குளிர்ந்த கிண்ணத்தில் ஜெல்லி மாதிரி ஆடுகிறதே, அதில் சோயாவைத் தவிர என்னென்ன இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். "பாதாம் தௌஹூ" என்பதில் பெயரில் மட்டும்தான் தௌஹூ, அது இனிப்பு ஜெல்லி. கொஞ்ஞாக்கு ஜெல்லி (ஒரு வகைக் கிழங்கு மாவில் செய்வது) பக்கமே போகாதீர்கள், வாயில் கரையாது, தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும்.